காரைக்குடியில் இருந்துகொண்டு சிங்கப்பூர், மலேசியாவுக்குத் திராட்சை அனுப்புவது: வரிசையாக ஒரு வழிகாட்டி

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பழத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். கம்பத்துக்குப் போய்த் தோட்டம் பார்த்து, விலை பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் “என்னென்ன பேப்பர் வேணும்?” என்று கேட்கிறார்கள். இந்தத் தொழிலில் வரிசை தலைகீழ். முதலில் வாங்குபவர், பிறகு காகிதம், பிறகு விமானம், கடைசியில் பழம். கத்தரி கொத்தின் காம்பில் பட்ட நிமிடத்திலிருந்து திராட்சையின் ஆயுள் இறங்கிக்கொண்டே வரும். அதற்குப் பிறகு எதையும் தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

செட்டிநாட்டில் திராட்சை விளைவதில்லை. நமக்குப் பக்கத்தில் இருப்பது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு, சரக்கு ஏற்ற வசதியானது திருச்சி விமான நிலையம். சிறிய அளவில், விமான வழியாக அனுப்புகிறவருக்காகவே கீழே உள்ளவை. குளிர் கன்டெய்னரில் கடல் வழியாக அனுப்புவது வேறு கணக்கு. ஒரு நாற்பதடிப் பெட்டிக்கே பன்னிரண்டு டன்னுக்கு மேல் பழம் வேண்டும். முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

1. வாங்குபவர் இறக்குமதியாளர்தானா என்று பாருங்கள்

நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சிங்கப்பூரிலோ கிள்ளானிலோ ஒரு பங்காளி இருப்பார். “நீ அனுப்பு, நான் பாத்துக்கிறேன்” என்பார். அன்பு உண்மைதான். ஆனால் அவரிடம் இறக்குமதி உரிமம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூருக்குப் பழம், காய்கறி இறக்குபவர் அங்குள்ள உணவு முகமையிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு சரக்குக்கும் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். பெட்டி ஒவ்வொன்றிலும் உற்பத்தியாளர் பெயர், முகவரி, பொருளின் விவரம், பெட்டியிட்ட தேதி அல்லது ஏற்றுமதித் தேதி இருக்க வேண்டும். மலேசியாவில் மாக்கிஸ் என்ற தனிமைப்படுத்தல், ஆய்வுத் துறையின் இறக்குமதி அனுமதி வேண்டும். தரம் பிரித்தல், பெட்டி, லேபிள் மூன்றுக்கும் ஃபாமா என்ற வேளாண் விற்பனை அமைப்பின் விதிகள் தனியாக உண்டு.

உறவினர் தேவையில்லை என்று சொல்லவில்லை. அவரை வைத்து உரிமம் உள்ள மொத்த வியாபாரி ஒருவரைப் பிடியுங்கள். சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங், கோலாலம்பூர் பக்கம் செலாயாங், இந்த இரண்டு மொத்தச் சந்தைகளிலும் விசாரித்தால் ஆள் தெரிந்துவிடும்.

அவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: எந்த ரகம், பெட்டிக்கு எத்தனை கிலோ, லேபிளில் என்ன வாசகம், தாவர சுகாதாரச் சான்றிதழில் (பழத்தில் பூச்சி, நோய் இல்லை என்று நம் பயிர்த் தனிமைப்படுத்தல் துறை தருவது) கூடுதல் உறுதிமொழி ஏதாவது கேட்கிறார்களா. கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்த வாசகம் இங்கே சான்றிதழ் தரும்போதே ஏற வேண்டும். சரக்கு அங்கே இறங்கிய பிறகு சேர்க்க வழியில்லை.

2. ரகத்தை முடிவு செய்யுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் அதிகம் கிடைப்பது பன்னீர் திராட்சை. வாசனை உண்டு, ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. (அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்யாமல் அந்தக் குறியீட்டைப் பெட்டியில் அச்சடிக்காதீர்கள்.) ஆனால் தோல் மெல்லியது, விதை உண்டு, காம்பிலிருந்து எளிதில் உதிரும். சிங்கப்பூரில் இதைத் தேடி வாங்குபவர்கள் பெரும்பாலும் நம் ஆட்களே. மற்றவர்களுக்கு ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா என்று விதையில்லாப் பழம் ஆண்டு முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஆகவே பன்னீர் என்றால் சிறிய அளவு, அடிக்கடி, பண்டிகை நாட்களை ஒட்டி. விதையில்லாத் திராட்சை வேண்டுமென்றால் ஓடைப்பட்டிப் பக்கம் பாருங்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மட்டும் எச்சரிக்கை. அது நாசிக் பழம் வெளிநாடுகளில் குவியும் காலம், விலையில் அவர்களோடு மோத முடியாது.

3. நாள் எடுக்கும் பதிவுகளை முதலில் முடியுங்கள்

ஐஇசி எண்: ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண். டிஜிஎஃப்டி என்ற வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி எடுப்பது. பான் அட்டை, வங்கிக் கணக்கு, ஐஇசி மூன்றிலும் பெயர் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. நம் ஊரில் முன்னெழுத்து ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால் இருக்கும். அதை முதலில் சரி செய்துவிட்டுப் போங்கள். எடுத்ததோடு முடிந்தது என்று இருந்துவிடவும் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை மறுபடி உறுதி செய்ய வேண்டும். எதுவும் மாறாவிட்டாலும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எண் செயலிழந்துவிடும்.

ஏடி கோட்: வெளிநாட்டுப் பணம் வரப்போகும் வங்கிக் கிளையின் குறியீடு. சரக்கு ஏற்றும் இடத்துச் சுங்கத்தில் இது பதிவாகியிருக்க வேண்டும். தூத்துக்குடியில் பதிந்தது திருச்சிக்குச் செல்லாது. பழம் விமான நிலையச் சரக்கு ஷெட்டுக்கு வந்த பிறகு ஏடி கோட் இல்லாமல் ஷிப்பிங் பில் (சுங்கத்தில் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பு) போட முடியாமல் நிற்பது புதியவர்களுக்கு அடிக்கடி நடப்பது.

அபீடா என்ற வேளாண் ஏற்றுமதி ஆணையத்தின் பதிவுச் சான்றிதழ் புதிய பழ ஏற்றுமதிக்குக் கட்டாயம். பயிர்த் தனிமைப்படுத்தல் துறையின் இணையதளத்தில் ஏற்றுமதியாளர் கணக்கும் முன்கூட்டியே திறந்து வையுங்கள்.

இவற்றோடு ஒரு சுங்க முகவர், அதாவது சிஎச்ஏ. கட்டணம் குறைவானவரைத் தேடாதீர்கள். திருச்சியில் வாரந்தோறும் பழம், காய்கறி, பூ ஏற்றிக்கொண்டிருப்பவரைத் தேடுங்கள். எந்த விமானத்தில் இடம் கிடைக்கும், எத்தனை மணிக்கு ஷெட்டில் கூட்டம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

4. விலையைக் கிலோவுக்கு முழுக் கணக்காகப் போடுங்கள்

தோட்டத்து விலையோடு விமான வாடகையைக் கூட்டிவிட்டு “லாபம் இருக்கு” என்று சொல்வது பாதிக் கணக்குதான். இரண்டு இடங்களில் பணம் கசியும்.

ஒன்று கழிவு. 100 கிலோ வாங்கி, வெடித்த மணி, சிறிய மணி, அழுகல் எல்லாம் கழித்து 80 கிலோதான் பெட்டிக்கு வருகிறது என்று வையுங்கள். 50 ரூபாய்ப் பழத்தின் உண்மையான விலை 62 ரூபாய் 50 காசு.

இரண்டு, பெட்டியின் எடை. விமான வாடகை மொத்த எடைக்கு. 5 கிலோப் பழம் உள்ள பெட்டி அட்டை, பை, தாள் எல்லாம் சேர்ந்து 5.6 கிலோ வந்தால், கிலோ 100 ரூபாய் வாடகை என்பது பழத்தின் கணக்கில் 112 ரூபாய். பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்துப் பாருங்கள். அந்த எண் உண்மை எடையைவிடக் கூடுதலாக வந்தால் வாடகை அதற்குத்தான். அரைக் கிலோ பிளாஸ்டிக் டப்பாக்களைப் பெரிய பெட்டியில் தளர்வாக அடுக்குகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அடுத்து விற்பனை முறை. நிலையான விலை பேசி, ஒரு பகுதியை முன்பணமாக வங்கி வழியே வாங்குவது நல்லது. “வித்துக் குடுக்கிறேன், கமிஷன் போக மீதி அனுப்புறேன்” என்ற முறையில், சந்தை சரிந்தால் நஷ்டம் முழுவதும் உங்கள் தலையில். அதில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இந்த விலைக்குக் கீழே போகாது என்று ஒரு குறைந்தபட்ச விலையை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். உறவினரானாலும் எழுதியே வாங்குங்கள். சங்கடமாக இருந்தால் “ஆடிட்டர் கேக்குறார்” என்று சொல்லிவிடலாம்.

5. தோட்டத்தைத் தேர்ந்தெடுப்பதும் மருந்துக் கணக்கும்

தோட்டக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை இல்லை, கவாத்து தேதி, அதாவது கொடியை நறுக்கிவிட்ட நாள். அதிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதம் என்று எண்ணினால் அறுவடை எந்த வாரம் என்று தெரியும். அடுத்து, கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தார் என்று கேளுங்கள். அவர் எழுதி வைத்திருந்தால் தோட்டம் பாதி தேறியது.

ஒவ்வொரு நாட்டுக்கும் மருந்து எச்ச வரம்பு தனி. நம் கடைத்தெருவில் விற்கும் பழத்தை யாரும் பரிசோதிப்பதில்லை என்ற பழக்கத்தில் இதை இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 2010-ல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியத் திராட்சை, குளோர்மெக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தின் எச்சத்தால் பெருமளவில் சிக்கியது. அது பூச்சி மருந்தே இல்லை என்பதைக் கவனியுங்கள். பூச்சிக்கு அடித்ததை மட்டும் கேட்டால் போதாது. வளர்ச்சிக்கு, நிறத்துக்கு, மணி பெருக்க என்று அடித்தவற்றையும் கேட்க வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மாதிரி கொடுப்பது அறுவடைக்கு முன்னால். முடிவு வரும்வரை பழம் கொடியிலேயே இருக்கலாம். வெட்டிய பிறகு முடிவுக்காகக் காத்திருந்தால், முடிவு நல்லதாக வரும், பழம் அழுகியிருக்கும்.

6. விமானத்திலிருந்து பின்னோக்கி மணி எண்ணுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

விமானம் வியாழன் நள்ளிரவு என்று வைப்போம். சரக்கை ஒப்படைக்கக் கடைசி நேரம் மாலை 6 மணி என்று முகவர் சொல்கிறார். அதற்குள் பயிர்த் தனிமைப்படுத்தல் ஆய்வு, சுங்கம், எக்ஸ்ரே முடிய வேண்டும். ஆகவே வண்டி மதியம் 1 மணிக்குத் திருச்சியில் நிற்க வேண்டும். கம்பத்திலிருந்து தேனி, திண்டுக்கல் வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல். வழித் தாமதத்தையும் சேர்த்துக் காலை 6 மணிக்குள் கிளம்ப வேண்டும். அதற்கு முந்தைய இரவு முழுவதும் பழம் குளிர் அறையில். அதற்கும் முன்னால், புதன் பிற்பகலுக்குள் பெட்டியிட்டு முடித்திருக்க வேண்டும். அப்படியானால் வெட்டு புதன் காலை.

வியாழன் விமானத்துக்கு வியாழன் காலை வெட்டலாம், அப்போதுதான் “ஃப்ரெஷ்” என்று நினைப்பது சரியாகத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பழம் வெயில் சூட்டோடு பெட்டிக்குள் போகும், சூட்டோடு விமானம் ஏறும், இறங்கும்போது காம்பு காய்ந்து பழுப்பாக இருக்கும். ஒரு நாள் முன்பே வெட்டிக் குளிரூட்டிய பழம்தான் புதிதாகப் போய்ச் சேரும்.

அங்கே இறங்கும் நாளையும் பாருங்கள். இறக்குமதியாளருக்கு விடுமுறை நாளில் இறங்கினால், ஒரு நாள் முழுக்க யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் கிடக்கும்.

இன்னொன்று: பழத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவராதீர்கள். “வீட்லயே பெட்டி போட்டுக்கலாம், பட்டாலையில வச்சா ஜில்லுனு இருக்கும்” என்கிறார்கள். கோடையில் செட்டிநாட்டு வீட்டுக் கூடத்தின் அந்தத் தரை காலுக்குச் சுகம்தான். ஆனால் திராட்சைக்கு வேண்டியது 0 டிகிரியை ஒட்டிய குளிரும் 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும். எந்தப் பெரிய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரும் அதைத் தராது. தேனி மாவட்டத்திலேயே குளிர் அறை உள்ள இடத்தை வாடகைக்குப் பிடித்து, அங்கிருந்து நேராகத் திருச்சி.

7. வெட்டு

மாம்பழம், வாழைப்பழம் போலத் திராட்சை வெட்டிய பிறகு பழுக்காது. கொடியில் எந்த இனிப்போ அதே இனிப்புதான் கடைசிவரை. ஆகவே இனிப்பை அளக்கும் பிரிக்ஸ்மானி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கொத்தின் நுனியில் உள்ள மணியைச் சோதியுங்கள். மேலே தோளில் உள்ளவை முதலில் இனிக்கும், அவற்றை மட்டும் சுவைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

மழை பெய்த மறுநாள் வெட்டாதீர்கள். பனி ஈரம் காய்ந்ததும் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள். கொத்தைக் காம்பில் பிடிக்க வேண்டும், மணியைத் தொடக் கூடாது. மணி மேல் பூத்திருக்கும் வெள்ளைப் பூச்சு இயற்கையான மெழுகு, ஈரம் வெளியேறாமல் காப்பது அதுதான். மருந்துப் படிவு என்று நினைத்துத் துணியால் துடைத்துப் பளபளவென்று அனுப்புகிறவர்கள் உண்டு. வாங்குபவர் முதலில் பார்ப்பதே அந்தப் பூச்சு அப்படியே இருக்கிறதா என்றுதான். கழுவுவது அதைவிட மோசம்.

வெட்டியதைப் பிளாஸ்டிக் கிரேட்டில் ஒரே அடுக்காக, காம்பு மேலே பார்க்க வைத்து, பந்தல் நிழலிலேயே வையுங்கள். பண்ணையிலிருந்து குளிர் அறைக்குச் சில மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும்.

8. பெட்டி, குளிர், தாள்: இந்த வரிசை மாறக் கூடாது

முதலில் சுத்தம். வெடித்த மணி, நசுங்கியது, அழுகியது எல்லாவற்றையும் சிறிய கத்தரியால் காம்போடு நறுக்கி எடுங்கள். கையால் பிய்த்தால் பக்கத்து மணியின் தோலும் கிழியும். ஒரு மணியில் சாம்பல் பூஞ்சணம் இருந்தால் அது பெட்டி முழுக்கப் பரவும்.

பிறகு எடை. 5 கிலோப் பெட்டியில் 100 கிராம் கூடுதலாக வையுங்கள். போகும் வழியில் ஈரம் போய் எடை குறையும், அங்கே தராசில் குறைந்தால் உங்கள் பெயர்தான் கெடும்.

அடுத்து, பெட்டிக்குள் இருக்கும் பையை மூடாமல், மேல்மூடியும் போடாமல் குளிர் அறைக்கு. வெறும் குளிர் அறை மட்டும் போதாது, காற்றைப் பெட்டிகளுக்குள் இழுக்கும் விசிறி வேண்டும். இல்லாவிட்டால் ஓரப் பெட்டி குளிரும், நடுவில் உள்ளது சூடாகவே இருக்கும். அறையின் மீட்டரை நம்பாதீர்கள். ஊசி வெப்பமானியை நடுப் பெட்டியில் ஒரு திராட்சை மணியின் உள்ளே குத்திப் பாருங்கள்.

சதை குளிர்ந்த பிறகுதான் கந்தக டை ஆக்சைடு தாள். சந்தையில் ‘கிரேப் கார்டு’ (grape guard) என்று கேட்டால் கிடைக்கும். ஈரம் பட்டால் வாயு விட்டுப் பூஞ்சணத்தைத் தடுக்கும். சூடான பழத்தின் மேல் வைத்தால் வியர்வை ஈரத்தில் எல்லா வாயுவையும் ஒரேயடியாக விட்டுவிடும். மணியின் காம்புப் பக்கம் வெளுத்துப்போகும், வாடை அடிக்கும், பிறகு வழியில் தாளுக்கு வேலையும் இருக்காது. தாளை வைத்ததும் பையை மடித்து, மூடி போட்டு, மறுபடி குளிரில்.

சரக்கோடு சரக்காகக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், வெங்காயம் சேர்த்து அனுப்புவது இங்கே வழக்கம். கந்தகத் தாள் உள்ள திராட்சையை அவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், ஒரே குளிர் அறையில்கூட வேண்டாம். வாயு கறிவேப்பிலையைக் கருக்கும், வெங்காய வாடை திராட்சையில் ஏறும்.

9. வழியும் ஷெட்டும்

குளிர் வண்டியை ஏற்றுவதற்கு முன்பே குளிர வையுங்கள். வண்டியின் குளிர் இயந்திரம், ஏற்கெனவே உள்ள குளிரைக் காப்பாற்றத்தான், சூடான பெட்டியைக் குளிர வைக்க இல்லை. ஓட்டுநரிடம் சாப்பிட நிறுத்தினாலும் இயந்திரத்தை அணைக்கக் கூடாது என்று சொல்லி, டீசலுக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். சொல்லாவிட்டால் மிச்சம் பிடிக்கத்தான் பார்ப்பார்.

ஆய்வுக்கு எடுக்கச் சில பெட்டிகளைக் கதவோரமாக, எளிதில் இறக்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பெட்டிக்காக மொத்தச் சரக்கையும் மதிய வெயிலில் இறக்குவார்கள். குளிர்ந்த பழம் வெப்பக் காற்றில் பட்டதும் வியர்க்கும், அந்த ஈரம்தான் பூஞ்சணத்துக்கு வாசல். பிரித்த பெட்டியை மறுபடி ஒட்ட டேப், இரண்டு உபரி லேபிள் கையில் இருக்கட்டும்.

ஷெட்டில் இறக்கியதும் வெப்பம் தடுக்கும் போர்வையால் மூடச் சொல்லுங்கள். மரப் பலகை பயன்படுத்தினால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரம் பூச்சியில்லாமல் பதப்படுத்தப்பட்டது என்பதற்கான சர்வதேச முத்திரை) உள்ளதாக இருக்க வேண்டும். இல்லாத பலகையால் நல்ல பழமும் திரும்பும்.

10. அன்றைய காகிதம்

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது), தாவர சுகாதாரச் சான்றிதழ், தேவைப்பட்டால் உற்பத்தி நாட்டுச் சான்றிதழ். சுங்கக் குறியீடு 08061000, தாவரப் பெயர் விடிஸ் வினிஃபெரா. எல்லாவற்றிலும் பெட்டி எண்ணிக்கை, நிகர எடை, மொத்த எடை, வாங்குபவர் முகவரி ஒன்றாக இருக்க வேண்டும்.

வெட்டுக்கு முதல் நாளே எல்லா வரைவுகளையும் வாங்குபவருக்கு அனுப்பி “சரி” என்று பதில் வாங்குங்கள். கடைசி நேரத்தில் நான்கு பெட்டி குறைந்தால், இன்வாய்ஸை மட்டும் திருத்திவிட்டுச் சான்றிதழை அப்படியே விடாதீர்கள்.

மின்னஞ்சலில் நகல் போனால் போதும் என்று இருக்காதீர்கள். தாவர சுகாதாரச் சான்றிதழின் அசலைக் கேட்கும் நாட்டுக்கு அது சரக்கோடே, ஏர்வே பில்லுடன் இணைத்துப் போக வேண்டும்.

11. இறங்கிய பிறகு

புகார் வருமானால் எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள், 24 மணி நேரம் நியாயமானது. பெட்டி எண், லேபிள் தெரியும் படம், ஊசி வெப்பமானி காட்டும் படம் இரண்டும் வேண்டும் என்று சொல்லுங்கள். சரக்கின் நடுவில் வெப்பம் பதியும் சிறிய கருவி ஒன்றை வைத்து அனுப்பினால், எந்த மணிக்கு யார் கையில் சூடானது என்று தெரிந்துவிடும். அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியைப் படித்துப் பாருங்கள். சரக்குக் காப்பீட்டில் பொதுவாகத் தாமதத்தால் வந்த நஷ்டமும், பொருளின் இயல்பால் வந்த கேடும் விலக்கு. திராட்சைக்கு வரும் கேடு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

12. பணம் வங்கி வழியாகத்தான்

“அண்ணன் கணக்குல இங்கேயே ரூபாயா போட்டுறேன்” என்று அங்கிருப்பவர் சொல்வார். கொடுக்கல் வாங்கலில் பழகிய ஊர் என்பதால் நமக்கும் அது தவறாகத் தோன்றாது. ஆனால் ஏற்றுமதிப் பணம் ஏடி கோட் பதிந்த வங்கி வழியாக, அந்த ஷிப்பிங் பில்லுக்கு நேராக வந்து சேர வேண்டும். ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ் கணினியில் ஒவ்வொரு ஷிப்பிங் பில்லும் திறந்தே இருக்கும், பணம் வந்து பொருத்திய பிறகுதான் மூடும். திறந்தபடி சேர்ந்துகொண்டே போனால் எச்சரிக்கைப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறக்கூடும், அடுத்த சரக்குக்குச் சிக்கல் வரும்.

பணம் வந்த குறுஞ்செய்தியோடு விட்டுவிடாமல், ஷிப்பிங் பில் எண்ணையும் இன்வாய்ஸையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய்ப் பொருத்தச் சொல்லுங்கள். அழுகலுக்காக விலையைக் குறைத்திருந்தால் அதற்கான கடிதத்தையும் புகார்ப் படங்களையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். அந்த எண் மூடிவிட்டதா என்று பார்த்த பிறகு, அடுத்த வெட்டுக்குத் தோட்டக்காரரைக் கூப்பிடலாம்.